செஞ்சியிலிருந்து எத்தினி மணி நேரம்?

வெளிநாட்டுக்குக் கிளம்பும் வீட்டில் பெட்டி கட்டி முடிந்ததும் முதலில் தேடுவது பாஸ்போர்ட்டை இல்லை, தராசை. செஞ்சியிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் இந்தக் காட்சி தப்பாது. கொக்கி வைத்த கைத்தராசில் பெட்டியை மாட்டி ஒருவர் மூச்சைப் பிடித்துத் தூக்குவார். இன்னொருவர் குனிந்து எண்ணைப் படிப்பார். 31.4. ஊறுகாய் பாட்டில் ஒன்று வெளியே வரும். 29.8. பருப்புப்பொடிப் பொட்டலம் ஒன்று மறுபடி உள்ளே போகும். கைத்தராசு இல்லாத வீட்டுப் பெட்டி பைக்கின் பின்சீட்டில் ஏறி, தெருமுனை அரிசிக் கடைக்குப் போய் எடை பார்த்துத் திரும்பும். நெல் வரத்துக்குப் பேர்போன ஊரில் எடை மெஷினுக்கா பஞ்சம்?

அந்த நேரத்தில்தான் திண்ணையில் இருக்கும் ஆயா கேட்பார். "சிங்கப்பூரு போவ எத்தினி மணி நேரம் ஆவும்பா?"

கிளம்புகிற பேரன், "நாலு மணி நேரம் ஆயா" என்பான். டிக்கெட்டைப் போனில் வைத்திருக்கும் அத்தை மறுப்பார். சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறதே, அப்படியானால் ஆறே முக்கால் மணி நேரம். காருக்குச் சொல்லிவைத்திருக்கும் அப்பா இரண்டையும் காதில் வாங்காமல், "அரை நாள் போயிடும்" என்று முடித்துவிடுவார்.

மூன்று பேர் சொன்னதும் சரிதான். பேரன் சொன்னது வானத்தில் இருக்கும் நேரம். அத்தை சொன்னது இரண்டு ஊர்க் கடிகாரங்களைக் கழித்து வந்தது. அப்பா சொன்னது வீட்டு வாசலிலிருந்து ஆகிற நேரம். விமான தூரத்தைத் தேடினால் கம்ப்யூட்டர் ஒரே ஒரு எண்ணைப் பளிச்சென்று காட்டிவிடும். அந்த எண்ணுக்கும் செஞ்சிக்காரரின் அரை நாளுக்கும் நடுவே என்னவெல்லாம் கிடக்கிறது என்பதுதான் சுவாரசியம்.

முதலில் அந்த எண். சென்னையிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வான்வழியில் சுமார் 2,920 கிலோமீட்டர். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். ஒன்று கிழக்கே, மற்றொன்று மேற்கே. வித்தியாசம் பத்து கிலோமீட்டர் சொச்சம். இது செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் தூரம்கூட இல்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப் போன இரண்டு திசைகளுக்கும் சென்னை நடு மையமாக அமைந்துவிட்டதை வரைபடத்தைப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது. கேட்டால் பத்தில் எட்டுப் பேர் துபாய்தான் தூரம் என்பார்கள். சிங்கப்பூர் என்றால் மாமா வீடு மாதிரி, துபாய் என்றால் பாலைவனம் தாண்டிய தேசம் என்று மனசுக்குள் ஒரு தனி வரைபடம் இருக்கிறது. அதற்கு அளவுகோல் கிடையாது.

வான்வழி என்றால் எந்த வழி? சுவரில் மாட்டிய உலகப்படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது தப்பு வழி. உருண்டையைத் தட்டையாக்கிய படம் அது. ஓரங்களை இழுத்து விரித்திருப்பார்கள். ஒரு சாத்துக்குடியை எடுத்து இரண்டு இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் தானே மிகக் குறுகிய வழியில் படிந்துகொள்ளும். புவியியலில் அதற்குப் பெருவட்டம் என்று பெயர். விமான தூரம் என்று சொல்வது இந்த நூலின் நீளத்தைத்தான். நூல் சில சமயம் வேடிக்கையான இடங்கள் வழியாகப் போகும். செஞ்சிக்கு மேற்கே பெங்களூரிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு நூலைப் பிடித்தால் அது வடதுருவத்துக்குப் பக்கத்தில் போகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த வழியில் முதல் விமானத்தை ஓட்டியபோது விமானி அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். 9ஆம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பியவர்கள் 11ஆம் தேதி அதிகாலை பெங்களூரில் இறங்கினார்கள். நடுவே வரவேண்டிய 10ஆம் தேதி எங்கே போனது என்று அத்தையிடம் கேட்டால் அன்று வீட்டில் சமையல் நடக்காது.

நூல் பிடித்து அளக்கும் இந்த வேலைக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி இறங்கும்போது ஜன்னலில் தெரியும் பரங்கிமலையின் அடிவாரத்தில்தான், 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி நூறு அடி நீள எஃகுச் சங்கிலியை விரித்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையின் முதல் அடிக்கோடு அது. சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை அளக்க அவருக்கு 57 நாள் ஆனது. வெயிலில் சங்கிலி நீளும், நிழலில் சுருங்கும். அதற்கும் கணக்கு வைத்துக்கொண்டுதான் அளந்தார். பூமி சரியான உருண்டையா, நடுவில் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று கண்டறிவதும் அவர் நோக்கம். நடுக்கோட்டில் பூமியின் ஆரம் துருவத்தில் இருப்பதைவிட 21 கிலோமீட்டர் கூடுதல் என்று இன்று நமக்குத் தெரியும். அதே இரண்டு ஊருக்கு இரண்டு இணையதளங்கள் சில கிலோமீட்டர் வித்தியாசத்தில் தூரம் காட்டுவதற்கும் இதுதான் காரணம். ஒன்று பூமியை உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கும், மற்றொன்று பிதுக்கத்தையும் சேர்த்திருக்கும். லாம்டன் 57 நாள் அளந்த அதே நீளத்தை உயரே போய்ச் சீரான வேகம் பிடித்த ஜெட் விமானம் 48 வினாடியில் கடந்துவிடும்.

சென்னை–சிங்கப்பூர் நூலைப் பிடித்துப் பார்த்தால் அது வங்காள விரிகுடாவைக் குறுக்கே வெட்டி, நிகோபார் தீவுகளின் தென்கோடியில் இருக்கும் பெரிய நிகோபாருக்குப் பக்கத்தில் வருகிறது. பிறகு சுமத்ராவின் ஓரம், மலாக்கா நீரிணை, சாங்கி. நிகோபாருக்குச் சோழர் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று பெயர். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025 வாக்கில் கடாரத்துக்குப் போன திசையும் ஏறக்குறைய இதே திசைதான்.

பேரனுடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் இந்தத் தூரத்தைக் கடந்தது ரஜூலா கப்பல். 1926இல் கட்டப்பட்டது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை போய்வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடலைப் பார்த்தபடி போனார்கள். "கப்பலுக்குப் போனவர்" என்று பழைய ஆட்கள் சொல்வது சிங்கப்பூர், மலேயா போனவரைத்தான். ரஜூலாவுக்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கியது. முன்பு அதன் பெயர் பாஸ்தர். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு அந்தக் கப்பல்வழியின் காலமும் முடிந்தது. ஒரு வாரம் நாலேகால் மணி நேரமாகச் சுருங்கியது. பெட்டிக்குள் போகும் ஊறுகாயும் சுருங்கித்தான் போனது. கப்பலில் டிரங்குப் பெட்டியே ஏறும். விமானத்தில் 30 கிலோ.

தூரம் மாறாது. நேரம் மட்டும் ஏன் போகும்போது ஒன்று, வரும்போது வேறொன்று?

காற்றுதான் காரணம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்றால், விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் அந்த வேகத்தில் போகிறது என்று பொருள். காற்றே ஓடிக்கொண்டிருந்தால் தரைக்கணக்கு மாறிவிடும். எட்டாயிரம் கிலோமீட்டர் பயணத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால் விமானம் தரைக்கணக்கில் 800 கிலோமீட்டர்தான் நகரும். பத்து மணி நேரம் ஆகும். அதே காற்று முதுகில் அடித்தால் 1,000 கிலோமீட்டர். எட்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆற்றில் பரிசல் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு. டிசம்பர், ஜனவரியில் ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் அதை எதிர்த்து நீந்த வேண்டும். திரும்பும்போது அதன் மேல் சவாரி செய்யலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தலைகீழாக ஒன்று நடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல், இன்னும் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு கிளம்பும். இந்தக் கீழைக் காற்றாற்றைப் பற்றி 1958இல் ஆய்வுக் கட்டுரை எழுதி உலக வானிலையாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டேஸ்வரம். இதன் மையம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருப்பதால் விமானங்களுக்குக் கிடைப்பது அதன் அடிவிளிம்புதான். ஆனாலும் தரையில் தென்மேற்கிலிருந்து மழைக்காற்று வீசிக்கொண்டிருக்க, தலைக்கு மேலே காற்று எதிர்த்திசையில் ஓடுகிறது என்பது யோசிக்க யோசிக்க விநோதமாக இருக்கிறது.

விமானக் கம்பெனிகள் இதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் அட்டவணை போடுகின்றன. டிக்கெட்டில் இருக்கும் கிளம்பும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் கிடையாது. விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரமும் அங்கே போய் நிற்கும் நேரம்தான். நடுவே ஓடுபாதை வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாவற்றுக்கும் கொஞ்சம் உபரி நேரம் சேர்த்து வைத்திருப்பார்கள். அதனால்தான் அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானமும் சில நாள் சொன்ன நேரத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது. பக்கத்து சீட்டுக்காரர் இதை விமானியின் திறமை என்று பாராட்டிக்கொண்டிருப்பார். பாராட்டட்டும்.

அத்தையின் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஆறே முக்காலில் இரண்டரை போனால் நாலேகால். திரும்பி வரும்போது இந்த வித்தை தலைகீழாகும்: சாங்கியில் இரவு 8.15-க்குக் கிளம்பி, சென்னையில் 10 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் சொல்லும். ஒன்றே முக்கால் மணி நேரம்! "போவ ஆறே முக்கா, வர ஒன்றே முக்காலா? எறக்கமா என்ன?" என்று அத்தை கேட்பது நியாயமான கேள்வி.

அந்த இரண்டரை மணியிலும் ஒரு மணி நேரம் அரசாங்கம் வைத்தது. சிங்கப்பூர் இருக்கும் இடத்தைப் பார்த்தால் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முந்தியிருந்தால் போதும். மலேசியாவின் கிழக்கும் மேற்கும் ஒரே நேரத்துக்கு வரட்டும் என்று அந்த நாடு முடிவெடுக்க, சிங்கப்பூரும் கூடவே சேர்ந்துகொண்டது. 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரம். அங்கே காலை ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் முதல் நாள் இருட்டில் வேலைக்குக் கிளம்பித் திகைப்பார்கள். நம் பக்கமும் யோக்கியம் இல்லை. இந்திய நேரம் மிர்சாபூருக்குப் பக்கத்தில் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். செஞ்சி அதற்கு மேற்கே மூன்று பாகை தள்ளியிருக்கிறது. அதனால் கடிகாரம் பன்னிரண்டு அடித்துச் சுமார் பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் செஞ்சிக்கு உண்மையான உச்சிவேளை. 1906க்கு முன்பு இந்திய ரயில்களெல்லாம் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. அந்த நேரம் தொடர்ந்திருந்தால் செஞ்சிக் கடிகாரம் சூரியனோடு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும்.

இவ்வளவும் கிழக்கு. செஞ்சிக்கும் பாரிஸுக்கும் உள்ள தூரம் இன்னொரு கதை. அது 1750இல் ஆரம்பிக்கிறது.

அந்த வருடம் செப்டம்பர் மாதத்து இரவொன்றில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். முகலாயப் படை ஏழெட்டு வருடம் முற்றுகை போட்டு 1698இல் பிடித்த கோட்டை, ஒரே ராத்திரியில் விழுந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குச் சேதி போய்ச்சேர அதிக நேரம் ஆகியிருக்காது. எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான், குதிரை போதும். பிரான்சுக்குப் போக வேண்டுமென்றால் கப்பல்தான். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி லொரியான் துறைமுகத்துக்குப் போய்ச்சேரப் பாதி வருடம் ஆகும், காற்று சரியாக வாய்த்தால். 1761 ஏப்ரலில் செஞ்சி ஆங்கிலேயர் கைக்குப் போன சேதியும் அப்படித்தான் அசைந்து அசைந்து ஐரோப்பா போயிருக்கும்.

2025 ஜூலை 11ஆம் தேதி பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலக மரபுக் குழுவின் 47ஆவது கூட்டம் செஞ்சிக் கோட்டையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மராட்டியரின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சியில். சேதி வந்துசேர ஆன நேரம் ஒரு வாட்ஸ்அப் தட்டுகிற நேரம்.

ஆள் போய்வர எவ்வளவு ஆகும்? சென்னை–பாரிஸ் வான்வழி தூரம் சுமார் 8,020 கிலோமீட்டர். நூலைப் பிடித்தால் அது வடமேற்கே கிளம்பி, கராச்சிப் பக்கம் போய், ஈரானைக் கடந்து, சரிபாதி வழியில் காஸ்பியன் கடலின் தென்கரையைத் தொடுகிறது. பிறகு காகசஸ் மலை, கருங்கடல், டான்யூப் நதி முகத்துவாரம், நடு ஐரோப்பா. காகிதத்தில் பத்து மணி நேரப் பயணம். ஆனால் அந்த நூல் போகும் ஊர்களை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வானம் மூடிக்கிடக்கிறது. நூல் அதன் தென்மேற்கு விளிம்பை உரசுகிறது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. அதே ஆண்டு ஜூன் 13 அன்று இஸ்ரேல்–ஈரான் போர் தொடங்கியதும் ஈரான் வானம் மூடியது. ஜூன் 23 மாலை கத்தார்கூடச் சில மணி நேரம் மூடியது. தோஹாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்த விமானங்கள் நடுவழியில் வேறு ஊர்களுக்குத் திரும்பின. பெருவட்டத்தை யூக்ளிட் வரைந்தாலும் அதன் மேல் பறக்க அனுமதி தருவது அரசாங்கங்கள்.

சென்னை–வளைகுடா வழி பெரும்பாலும் அரபிக்கடலின் மேலேயே போய்விடுவதால், பாகிஸ்தான் வானம் மூடியதில் டெல்லிக்கு விழுந்த அடி சென்னைக்கு அவ்வளவாக விழவில்லை. டெல்லியிலிருந்து மேற்கே கிளம்பும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்றிக்கொண்டு போகின்றன. தூரம் கூடினால் எரிபொருள் கூடும். எரிபொருளின் எடை கூடினால் அதைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும்.

பாரிஸுக்கு நேர் விமானம் கிடைக்காதவர்கள் துபாய் அல்லது தோஹா வழியாகப் போவார்கள். சுற்றுவழி என்று அலுத்துக்கொள்வதும் உண்டு. கணக்குப் போட்டால் அலுப்பு குறையும். சென்னை–துபாய் 2,930, துபாய்–பாரிஸ் 5,240. மொத்தம் 8,170 கிலோமீட்டர். நேர்வழியைவிடக் கூடுதல் 150தான், விமானத்துக்குப் பத்து நிமிட வேலை. தோஹா வழியென்றால் கூடுதல் 230 கிலோமீட்டர் சொச்சம். வளைகுடா நகரங்கள் நூலை விட்டு அதிகம் விலகாமல் உட்கார்ந்திருக்கின்றன, வியாபாரம் தெரிந்த டீக்கடைக்காரர் பஸ் நிற்கும் இடத்தில் கடை போடுவதைப்போல. ஏறுவதும் இறங்குவதும் மறுவிமானத்துக்கு மூன்று மணி நேரம் பளிங்குத் தரையில் காத்துக்கிடப்பதும்தான் பயணத்தை நீட்டுகின்றன. அங்கே ஒரு காப்பியின் விலையைக் கேட்டால் காத்திருப்பு இன்னும் நீளும்.

அதே யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சியோடு மகாராஷ்டிரத்தின் பன்ஹாலா கோட்டையும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடந்த பயணம் ஒன்று வரலாற்றில் பிரபலம். 1689இல் முகலாயர் கையில் சிக்காமல் தப்ப, சிவாஜியின் மகன் ராஜாராம் பன்ஹாலாவிலிருந்து மாறுவேடத்தில் செஞ்சிக்குக் கிளம்பினார். செப்டம்பர் கடைசியில் புறப்பட்டவர் நவம்பரில் வந்துசேர்ந்தார். பறவைக் கணக்கில் சுமார் 760 கிலோமீட்டர். ஒரு மாதத்துக்கும் மேல். அவருக்கும் நேர்வழி போக அனுமதி இல்லை. எந்த வழியில் முகலாயப் படை இல்லையோ அதுதான் அவருடைய வழி.

கடைசியாக, அப்பாவின் அரை நாள்.

செஞ்சியிலிருந்து மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் 115 கிலோமீட்டர், சாலையில் சுமார் 140. செஞ்சியில் ரயில் கிடையாது. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில்பாதை அறிவித்து இருபது வருடம் ஆகப்போகிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் டீக்கடையில் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கோபப்படுவார்கள். பக்கத்தில் இருக்கும் விமான நிலையம் புதுச்சேரி. 2024 டிசம்பரில் அங்கிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சிறிய விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின என்றாலும் கடல் தாண்டப் போகிறவருக்குப் பெரும்பாலும் மீனம்பாக்கம்தான் கதி. பரந்தூரில் வரவிருக்கும் புதிய விமான நிலையம் வந்தவாசி, காஞ்சிபுரம் வழியாகச் செஞ்சிக்குக் கொஞ்சம் பக்கம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. அங்கே ஏகனாபுரத்துக்காரர்கள் தங்கள் ஊரையும் ஏரியையும் விட்டுத்தர மாட்டோம் என்று 2022 முதல் போராடிவருவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு 2023 கடைசியில் ஒரு புதுக் கட்டம் முளைத்தது. முன்பெல்லாம் கோயம்பேடு போகும் பஸ்ஸில் ஏறிப் பெருங்களத்தூரில் குதித்துவிடுவார்கள். அந்த டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது, படிப்படியாக அதுதான் எல்லை என்றானது. பெட்டியை இறக்கி, உருட்டி, மாநகரப் பஸ்ஸில் மறுபடி ஏற்றி, ஏர்போர்ட் நிறுத்தத்தில் இறக்கி... 30 கிலோவின் உண்மையான எடை அப்போதுதான் தெரியும். அதனால் வீட்டுக்கொரு கார் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பயணி ஒருவர், வழியனுப்ப ஐவர்.

கார் மாலை நாலரைக்குக் கிளம்பும். மூன்று மணி நேரச் சாலைதான். ஆனால் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள், அதற்கும் முன்னால் ஒரு முக்கால் மணி நேரம் அப்பாவின் பயத்துக்கு. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையை இடதுபுறமோ வலதுபுறமோ கடைசியாகத் திரும்பிப் பார்க்காமல் யாரும் போவதில்லை. 240 மீட்டர் உயரம். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் குரங்குகள் வழிவிட்டால். இன்றிரவு பேரன் உட்காரப்போகும் விமானம் அதே உயரத்தை இருபது சொச்சம் வினாடியில் ஏறிவிடும். திண்டிவனம், ஆத்தூர் சுங்கச்சாவடி, மேல்மருவத்தூர், மதுராந்தகம் ஏரி, பரனூர் சுங்கச்சாவடி. சாதாரண நாளில் இது சுகமான சாலை. தீபாவளி, பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் நாளென்றால் செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே விமானம் சிங்கப்பூர் போகிற நேரத்தை உட்கார்ந்தே கழிக்கலாம். அந்த நாள்களில் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

நாலரைக்கு வீடு, எட்டேகாலுக்கு விமான நிலையத்துக்குள், பதினொன்றேகாலுக்கு விமானம், நம் கணக்கில் விடிகாலை மூன்றரைக்குச் சாங்கி, குடியேற்ற வரிசை முடித்து, பெட்டியை எடுத்து வெளியே வர நாலரை. சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். அதில் 2,920 கிலோமீட்டருக்கு நாலேகால் மணி நேரம். மிச்சம் ஏழே முக்கால் மணி நேரம் 140 கிலோமீட்டர் சாலைக்கும் வரிசைகளுக்கும் போனது. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கில் தேறவில்லை என்பார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாசலில் கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பேரனின் தலை மறையும் வரை நின்று பார்த்துவிட்டு, எட்டரைக்கு ஐந்து பேரும் காரில் ஏறுவார்கள். வழியில் ஒரு டீ. செஞ்சி வந்துசேரப் பதினொன்றரை ஆகும். திண்ணை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

"புள்ள போயி எறங்கிட்டானாடா?" என்று ஆயா கேட்பார்.

போனைப் பார்த்துவிட்டு அப்பா சொல்வார்: "இன்னும் மீனம்பாக்கத்துலதான் இருக்கான். இப்பதான் வண்டி எடுக்கறானாம்."